ராஜபாளையத்தில் என் குரலை அடையாளம் கண்டவர்

1991 பிப்ரவரியில் மூன்று நாள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், பிளவக்கல் அணை என்று போய் வந்தேன். இத்தனை வருடம் கழித்து அதை எழுதக் காரணம் போன மாதம் வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி. மதுரையிலிருந்து இரண்டு நாளில் போய் வருகிற மாதிரி மலையடிவார ஊர் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பிளவக்கல்தான். வழி சொல்ல உட்கார்ந்தேன். வழியை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வேலூர்க்காரன். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்தேன். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1987-ல், இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி நம் படை அங்கே போனது. சமாதானம் காக்கப் போன படை. யாரிடமிருந்து ஆயுதத்தை வாங்கப் போனோமோ அவர்களோடே சில மாதங்களில் சண்டை மூண்டுவிட்டது. நான் இருந்த பட்டாலியனில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர்தான். அதில் என் தொண்டை பெரியது. அதனால் என் கையில் ஒரு ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். கிராமத்தைச் சுற்றி வளைத்ததும் தெருமுனையில் நின்று ஜனங்களை வீட்டை விட்டு வெளியே வரச் சொல்வது என் வேலை. இரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன்.

1990-ல் திரும்பி வந்த பிறகு ஆக்ராவில் போஸ்டிங். லீவில் வேலூர் வந்திருந்தபோது தங்கப்பாண்டியிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அவன் எங்கள் பட்டாலியனில் லாரி டிரைவர், கூமாப்பட்டிக்காரன். கண்ணிவெடியில் இடது பாதம் போய், பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். "அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கட்டாயம் வரணும்" என்று எழுதியிருந்தான். 'கட்டாயம்' என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலூரில் பஸ் ஏறி, சனிக்கிழமை காலை 5.40-க்கு மதுரையில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. 6.10-க்கு ராஜபாளையம் வண்டி. 85 கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய் (இந்தப் பதிவில் வருவதெல்லாம் அந்தக் காலத்து விலை, இதை நம்பிக் கண்டக்டரிடம் சண்டை போடாதீர்கள்). திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னாலேயே வலது பக்கம் மலை வந்துவிடும். போகும்போது வலது ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள். 8.30-க்கு ராஜபாளையம்.

தங்கப்பாண்டி மொபெட்டோடு காத்திருந்தான். செயற்கைப் பாதத்துக்கு மேல் ஷூ போட்டு பேன்ட்டை இழுத்துவிட்டிருந்தான். தெரியாதவர்கள் பார்த்தால் லேசாகச் சுளுக்கியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வாங்கண்ணே. எம்புட்டு நாளாச்சு. செத்த எளைச்சிட்டியளே."

"நீ பெருத்துட்ட."

"ஒக்காந்தே இருக்கேம்லா. மொத கம்பெனியப் பாத்துருவோம், பொறவு வீட்டுக்குப் போவோம். இன்னைக்கு அரை நாளுதான் வேலை."

கம்பெனி சத்திரப்பட்டி போகிற சாலையில், ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். அந்தச் சாலையை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் வெறும் நிலம், அதில் கம்பு நட்டுக் கயிறு கட்டி, வெளுத்த பேண்டேஜ் துணியை நீள நீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. மெல்லிய துணி, காற்றில் சத்தமில்லாமல் எழும்பி, சத்தமில்லாமல் இறங்கியது. அதன் நடுவே ஒரு ஆளைக் காணோம். யாழ்ப்பாணத்தில் சரணடைகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். இங்கே ஒரு நாட்டு ஜனமே கட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டது போல இருந்தது. தங்கப்பாண்டி மொபெட்டை மெதுவாக ஓட்டினான்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ என் காலைச் சுத்தியிருந்தது நம்மூர்த் துணிதாம்ணே. பாக்கெட்டுல ராஜபாளையம்னு போட்டிருந்துச்சு. அதப் பாத்துதான் அழுதேன்" என்றான்.

கம்பெனி ஒரு நீளமான ஷெட். முன்பக்கம் பவர்லூம் தறிகள், பின்பக்கம் துணியை வெட்டி, சுருட்டி, பாக்கெட் போடுகிற பெண்கள். வயதான கணக்கர் ஒருவர் "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று நாற்காலி போட்டார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தங்கப்பாண்டி சுற்றிக் காட்டினான். சுருட்டுகிற பெண்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். அதில் கடைசி வரிசையில் இருந்த மூவரும் அகதி முகாமிலிருந்து வருகிறவர்கள் என்று என் காதில் கத்திச் சொன்னான். 1990 ஜூனில் அங்கே மறுபடியும் போர் தொடங்கி, படகில் வந்து இறங்கியவர்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

10.20-க்குக் கரண்ட் போனது.

ஐம்பது தறியும் ஒரே நேரத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காது அடைத்தது போலாகிவிட்டது. ஜன்னல்கள் பஞ்சுத்தூசு பறக்காமல் இருக்கச் சாத்தியிருந்தன. ஷெட்டுக்குள் இருட்டு. பிளேடும் கத்தரியும் கிடக்கிற இடம்.

"அண்ணே, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க, எந்தொண்டை கடைசி வரைக்கும் எட்டாது" என்றான் தங்கப்பாண்டி.

நான் யோசிக்கவே இல்லை. வாசலில் போய் உள்பக்கம் பார்த்து நின்று, வழக்கமான குரலில் சொன்னேன்: "எல்லாரும் வெளியே வாங்க. அவசரப்படாம வரிசையா வாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

உள்ளூர்ப் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த மூவரும் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒரே இடைவெளி விட்டு. கையில் ஒன்றுமில்லை என்று தெரிகிற மாதிரி இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். நிழலுக்குப் போகவில்லை. முற்றத்து வெயிலில் ஒரு வரிசையாக, தலையைக் குனிந்து, காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

நிழலில் இருந்த ஒருத்தி கூப்பிட்டாள். "ஏட்டி புவனா, எதுக்கு வெயில்ல ஒக்காந்திருக்க? இங்குட்டு வா."

மூவரில் ஒருவர்கூடத் தலை தூக்கவில்லை.

தங்கப்பாண்டி போய், "எந்திரிங்கம்மா, கரண்ட்டுதான் போயிருக்கு" என்றான். அசையவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கணக்கர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அந்த முற்றத்தில் எனக்கும் தங்கப்பாண்டிக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஊர்களில் உட்காரச் சொன்ன குரலே எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் எழுந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் போனது என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிடமாக இருக்கலாம். கடைசியில் நான், முடிந்த வரை குரலைத் தாழ்த்தி, "எழுந்திருங்க, போகலாம்" என்றேன். மூவரும் எழுந்தார்கள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள்.

கரண்ட் வந்து எல்லாரும் உள்ளே போனபோது, புவனா என்று அழைக்கப்பட்டவர் பின்தங்கினார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் குங்குமம். என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீங்கள்தானே அண்டைக்கு எங்கட கோயிலடியில மைக்கில கதைச்சது?"

"இல்லம்மா. நான் வேலூர். அந்தப் பக்கமெல்லாம் வந்ததில்ல."

"குரல் அதுதான்."

"ஒரே மாதிரி குரல் நிறையப் பேருக்கு இருக்கும்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அவ்வளவு சுலபமாக ஏற்கப்பட்டது வேறு இல்லை.

அன்று மதியம் தங்கப்பாண்டி வீட்டில் கோழிக்குழம்பு. அவன் மனைவி ஜெயராணி பரிமாறினாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளுக்கு வருத்தம். அந்தக் கோயிலடி எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. 1988, கடும் வெயில் காலம். பெண்களைக் கோவில் மண்டபத்துக்குள்ளும் ஆண்களை வெளியே மணலிலும் உட்கார வைத்திருந்தோம். நான் பாதி பேசும்போதே ஒலிபெருக்கி நின்றுவிட்டது. மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையைத் தூக்கி, "நான் திருத்தித் தாறன்" என்றார். கொடுத்தேன். உள்ளே ஒரு வயர் அறுந்திருந்தது. கத்தி எதுவும் கொடுக்க முடியாது. அவர் அந்த வயரைப் பல்லால் உரித்து முறுக்கிச் சேர்த்தார். குரல் முன்னைவிடத் தெளிவாக, பெரிதாக வந்தது. பக்கத்தில் நின்ற அதிகாரி என்னிடம் இந்தியில், இவன் என்ன தொழில் செய்கிறான் என்று கேட்டார். நான் கேட்டு மொழிபெயர்த்தேன்: ரேடியோ கடையில் வேலை, வயர், பேட்டரி எல்லாம் தெரியுமாம்.

வயரும் பேட்டரியும் தெரிந்தவன் கண்ணிவெடியும் செய்வான் என்று அதிகாரி முடிவு கட்டினார். அன்று அந்த ஊரிலிருந்து லாரியில் ஏற்றியது இரண்டு பேரை. அதில் ஒருவர் அவர். பெயரை நான்தான் எழுதினேன். நவரட்ணம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் சுற்றுகிற திட்டத்தை மாற்ற வேண்டாம் என்று தங்கப்பாண்டி பிடிவாதமாக இருந்தான். காலை 8.15-க்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறி 8.40-க்கு ஸ்ரீவில்லிபுத்தூர். 12 கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். பெரிய கோபுரத்தை நான் நிமிர்ந்து பார்த்தது கூட நினைவில்லை. தேரடிப் பக்கம் ஒரு கடையில் பால்கோவா அப்போதுதான் வாணலியிலிருந்து இறக்கியிருந்தார்கள். சூடாக இலையில் வைத்துத் தந்தார் கடைக்காரர். (சூடாகச் சாப்பிடுங்கள், பெட்டியில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனால் பாதி ருசிதான்.) "என்ன சார், இனிப்பு பத்தலையா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அந்த இரண்டு வார்த்தையைக்கூட மெல்லத்தான் சொன்னேன். காலையிலிருந்து எல்லாரிடமும் மெல்லத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதை அங்கேதான் கவனித்தேன்.

11.30-க்கு வத்திராயிருப்பு பஸ். 50 நிமிடம். அங்கிருந்து பிளவக்கல் வண்டி 1.10-க்கு. கூமாப்பட்டி வழியாகப் போகும். நெல்லும் தென்னையுமாக, மலை முகத்துக்கு நேரே வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அணையில் இறங்கும்போது டிரைவர் எச்சரித்தார்.

"திரும்பி மூணே காலுக்கு வாரேன். அத விட்டுட்டா கூமாப்பட்டி வரைக்கும் நடந்துதான் வரணும், பாத்துக்கிடுங்க."

நல்ல மழை பெய்த வருடம். அணை நிறைந்திருந்தது. காற்று இல்லை, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் வேறு ஆள் இல்லை. மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கரை மேல் நடக்கும்போது எங்கள் காலடிச் சத்தம் எதிர்ப் பக்கத்திலிருந்து, சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது. தங்கப்பாண்டியின் ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் லேசாகவும் விழும். அக்கரையிலும் யாரோ அதேபோல் நொண்டி நொண்டி எங்களோடு வருவது போலிருந்தது. நான் ஒருமுறை திரும்பியும் பார்த்தேன்.

பாதிக் கரையில் அவன் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, அந்தப் பொம்பளைட்ட ஏன் இல்லைனு சொன்னிய?"

"வேற என்ன சொல்றது? இன்னும் சர்வீஸ்ல இருக்கேன்."

"நான் ஒங்களக் கூப்பிட்டதே அதுக்குத்தான்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மூணு மாசமா அந்தப் பிள்ள எங்கிட்டதான் வேலை பாக்குது. புவனேஸ்வரின்னு பேரு எழுதும்போதே எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. புருசன் பேரு கேட்டேன். நவரட்ணம்னுச்சு. பாக்குற ஆளுகிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கு. அவியள எங்க கொண்டு போனாங்கன்னு தெரியுமா, அவியள எங்க கொண்டு போனாங்கன்னு தெரியுமான்னு."

"உனக்கு எப்படி அவர் பெயர் தெரியும்?"

அவன் சொல்லித்தான் எனக்கு மீதி தெரிந்தது. கைதிகள் இருவரையும் மூன்று நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பிறகு பெரிய முகாமுக்கு மாற்றியபோது லாரியை ஓட்டியது தங்கப்பாண்டி. அந்த லாரி கண்ணிவெடியில் சிக்கியது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அங்கே போன மீட்புக் குழுவில் நானும் இருந்தேன். தங்கப்பாண்டியை ஹெலிகாப்டரில் ஏற்றினோம். லாரியின் பின்பக்கம் இருந்த நான்கு பேரும் இறந்திருந்தார்கள். காவலுக்குப் போன இரண்டு சிப்பாய்களின் உடல்களை எடுத்துக்கொண்டோம். கைதிகள் இருவரையும் ஒரு மதகுக்குப் பக்கத்தில், பனைமரத்தடியில் புதைத்தோம். அவர்கள் உடல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நான் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளில் கைதிகளை மாற்றியிருப்பார்கள், விட்டிருப்பார்கள், இது வேறு யாரோ என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"மாத்தலண்ணே. எனக்குப் பின்னாடி சின்ன ஜன்னல் இருந்துச்சுல்லா, அது வழியா, எம் பேரு நவரட்ணம்னு சொல்லி எங்கிட்டப் பேசிக்கிட்டே வந்தாரு. மைக்கைத் திருத்திக் குடுத்தது குத்தமோ அண்ணைன்னு கேட்டாரு. வீட்டுல புவனேஸ்வரி தனியா இருப்பா, ஒரு கடுதாசி குடுத்தா சேப்பியளான்னு கேட்டாரு. பேசாம வாரும்னு சொன்னேன். அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு நூறடி போயிருக்காது."

அவனிடம் பாதியும் என்னிடம் பாதியும் இருந்தது. அவனுக்கு ஆள் யார் என்று தெரியும், எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. எனக்கு இடம் தெரியும்.

"நீங்க சொன்னா ஒங்க வேலைக்கு ஒலை வச்சிருவாங்க. அதான் லெட்டர்ல எழுதல. நேர்ல பாத்துக் கேப்போம்னு வரச் சொன்னேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்கண்ணே. நானும் வாயத் தெறக்க மாட்டேன்."

3.15 பஸ் சரியாக வந்தது. வத்திராயிருப்பு வந்து மாறி, 4.45-க்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நான் ராஜபாளையத்துக்கு டிக்கெட் கேட்கவில்லை. முகாம் எந்த நிறுத்தம் என்று தங்கப்பாண்டியிடம் கேட்டேன். 4.55-க்கு டவுன் பஸ், பத்து நிமிடம். இறங்கி உள்ளே ஒரு கிலோமீட்டர் நடை. அவன் காலுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

முகாம் ஒரு பழைய நூல் கிடங்கு. வாசலில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு ஆள். பெயர், ஊர், யாரைப் பார்க்க என்று எழுத வேண்டும். "பேர மாத்தி எழுதுங்கண்ணே" என்று தங்கப்பாண்டி காதில் சொன்னான். நான் என் பெயரை எழுதினேன். ஹவில்தார் என்றும் எழுதினேன். மேஜையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுவோம். அதுக்குள்ள வெளிய வந்திரணும்" என்றார்.

கிடங்குக்குள் குடும்பத்துக்குக் குடும்பம் துணித் திரை கட்டிப் பிரித்திருந்தார்கள். கம்பெனியில் கழித்த பேண்டேஜ் துணிதான் திரை. உள்ளே அரிக்கேன் விளக்குகள். துணி மெல்லியது, ஆட்கள் எல்லாரும் நிழலாகத் தெரிந்தார்கள். சமைக்கிற நிழல், தலை சீவுகிற நிழல். புவனேஸ்வரியின் திரைக்கு முன்னால் நின்று, "அம்மா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். மைக்ல பேசினது நான்தான்" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனாலும் அடுத்தடுத்த திரைகளுக்குப் பின்னால் பேச்சு நின்றது. நிழல்கள் அப்படியே நின்றன. கிடங்கின் கடைசி வரை அந்த அமைதி நகர்ந்து போவதைக் கேட்க முடிந்தது.

அவர் திரையை விலக்கி எங்களை உட்காரச் சொன்னார்.

நான் முதலில் பேசினேன். ஒலிபெருக்கி நின்றதைச் சொன்னதும் அவர் குறுக்கிட்டார்.

"ஓம். இடையில நிண்டது. நாங்கள் மண்டபத்துக்குள்ள இருந்தனாங்கள். பிறகு இன்னும் பெரிசாக் கேட்டது."

"அதைச் சரி பண்ணிக் கொடுத்தது உங்க வீட்டுக்காரர்."

அவர் என்னைப் பார்த்தார். முதல் முறையாக முகத்தைப் பார்த்தார். "அவரோ?"

"ஆமா. உள்ளே வயர் அறுந்திருந்தது. கத்தி இல்ல. பல்லால உரிச்சார்."

புவனேஸ்வரி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "பல்லாலதான் உரிக்கிறவர். கடையில குறடு இருக்க, பல்லால உரிப்பார். பல்லுப் போகப்போகுது எண்டு எத்தினை நாள் பேசியிருப்பன்" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. அதிகாரி கேட்டது, நான் மொழிபெயர்த்தது, அதனால்தான் அவரைக் கொண்டுபோனார்கள் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் தங்கப்பாண்டியின் பக்கம் திரும்பினார். அவன் லாரியைச் சொன்னான். ஜன்னல் வழியாகக் கேட்டதைச் சொன்னான். கடிதம் பற்றிச் சொல்லும்போது உடைந்துவிட்டான்.

"என்ர பேரைச் சொன்னவரோ?" என்று அவர் கேட்டார்.

"சொன்னாருத்தா. ரெண்டு தடவை."

"வலிச்சிருக்குமோ?"

"இல்லம்மா. ஒரு நொடிதான்" என்றேன் நான். அது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன்.

அவர் ஒரு நோட்டுத்தாளும் பேனாவும் எடுத்து வந்தார். பெரிய சாலை எது, மதகு எந்தப் பக்கம், பனை எத்தனை என்று கேட்டுக் கேட்டு வரையச் சொன்னார். வரைந்தேன். பிறகு, "எழுதித் தாங்கோ. உங்கட பேரோட. அவர் உயிரோட இல்லையெண்டு நான் சொன்னா ஒருத்தரும் நம்பாயினம்" என்றார். தங்கப்பாண்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, பெயர், பதவி, ராணுவ எண் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். அவனும் கீழே கையெழுத்திட்டான்.

வெளியே மணி அடித்தார்கள். அவர் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். மேஜைக்காரர் பெயர்களைப் படித்தார். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று கேட்டோம். "நவரட்ணம் புவனேஸ்வரி" என்று அழைத்தார். மேஜைக்காரர் மறுபடி அழைத்தார். "இருக்கிறன்" என்று அவர் சொன்ன குரல் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமை காலை மதுரைக்குத் திரும்பினேன். புவனேஸ்வரி பத்து நாள் வேலைக்கு வரவில்லை, பிறகு குங்குமம் இல்லாமல் வந்தார் என்று தங்கப்பாண்டி எழுதினான். அந்த முகாம் நோட்டு எப்படியோ மேலே போய், அதே வருடம் ஆக்ராவில் என்னை விசாரித்தார்கள். எழுதியது நான்தான் என்று சொன்னேன். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிட்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

புவனேஸ்வரி சில வருடம் கழித்து ஊர் திரும்பினார். கம்பெனி விலாசத்துக்கு ஒரே ஒரு கடிதம் போட்டிருந்தார். மதகு இருக்கிறது, பனைகள் இல்லை, ஆனால் இடம் தெரிந்தது, எடுத்துச் சடங்கு செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். எங்கள் இருவரைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. தங்கப்பாண்டி அதை அப்படியே எனக்கு அனுப்பி வைத்தான்.

இந்தப் பயணத்தை மறக்க முடியுமா என்று கேட்டால் எனக்கு மறக்க விருப்பமில்லை. அந்நிய மண்ணுக்கு ஒரு படை போவதைப் பற்றிப் பெரியவர்கள் பல கோணங்களில் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது என் பங்கு மட்டும். அது ஒரு வாக்கியம், இந்தியில் சொன்னது.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. பிளவக்கல்லுக்குத் தை, மாசியில் போனால் தண்ணீர் இருக்கும், வெயில் குறைவு. மதுரையிலிருந்து போகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கிருஷ்ணன்கோவிலிலோ இறங்கி வத்திராயிருப்பு பஸ் பிடிக்கலாம். அணைக்குப் போகிற பஸ் அப்போது குறைவு, இப்போது எப்படி என்று வத்திராயிருப்பிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கையில் கொண்டுபோங்கள், அங்கே கடை இல்லை. சத்திரப்பட்டிச் சாலையில் துணி காய்வதைப் பார்க்கக் காலை ஒன்பது மணிக்கு மேல் போகவும்.

என்னைப் போல அங்கே பணியாற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர்களில் முகாம்கள் இன்னும் இருக்கின்றன. யாரிடமாவது சொல்ல வேண்டியது ஏதாவது உங்களிடம் இருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் 5.20-க்குப் போனோம். ஆறு மணிக்குப் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்பது நிமிடம் போதவில்லை.